மறு: 'சிறை நெரிசல்' மட்டும் போதுமா?

> 'சிறை நெரிசல்' என்றே வைத்துக்கொள்ளலாம். நாளிதழ்களில் பழகிய சொல்தானே?

வணக்கம். தேவைக்கு மேல் ஆட்களைச் சிறையில் அடைக்கும் கொள்கைக்குத் தமிழில் என்ன சொல் என்ற பேச்சில், 'சிறை நெரிசல்' போதும் என்று எழுதியிருந்தீர்கள்.

கைதிகள் இடநெருக்கடியில் படும் பாட்டைச் சொல்ல 'நெரிசல்' சரி. ஆனால் திருவிழா நெரிசலும் பேருந்து நெரிசலும் மக்கள் தாமாக வந்து சேர்ந்த கூட்டம். சிறையில் ஒருவர் ஆணை போட்டு இன்னொருவரை அடைக்கிறார். அந்தக் கொள்கைக்கும் இதே சொல்லைப் போட்டால், 'இன்னும் நாலு சிறை கட்டினால் தீர்ந்தது' என்றுதான் பேச்சு போகும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கைப் பாருங்கள். நாட்டின் சிறைகளில் இடம் 4,36,266 பேருக்கு. இருந்தவர்களோ 5,73,220 பேர். அவர்களில் விசாரணைக் கைதிகள் மட்டும் 4,34,302! தீர்ப்பே வராதவர்களை வைத்தே ஏறக்குறைய மொத்த இடமும் நிரம்பிவிடுகிறது.

ஜாமீன் கிடைத்தாலும் ஏழை வெளியே வருவது நிச்சயமில்லை. 1978-இல் முடிந்த மோதிராம் வழக்கு இதற்குச் சான்று. அவர் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார். உச்ச நீதிமன்றம் ஜாமீன் தந்த பிறகும், கீழே மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். அண்ணன் தம்பி ஒருவர் முன்வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்கவில்லை. மறுபடி உச்ச நீதிமன்றத்துக்கே போய், நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பில் 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் வெளியே வந்தார். கூலித் தொழிலாளி எத்தனை பேரால் இப்படி டெல்லி வரை போக முடியும்?

ஆகவே நான் முன்வைப்பது 'மிகைச் சிறைவைப்பு'. 'மிகையடைப்பு' சுருக்கமாக இருக்கிறது, ஆனால் மாரடைப்பு, சாக்கடை அடைப்பு எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். 'நெரிசல்' விளைவைச் சொல்லட்டும், 'மிகைச் சிறைவைப்பு' காரணத்தைச் சொல்லட்டும்.

அப்புறம், இதைக் குறைக்கும் நடவடிக்கைகளுக்கும் ஒரு பொதுச்சொல் வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 479-ஆம் பிரிவு நல்ல எடுத்துக்காட்டு. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி, அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டால் பிணையில் விட வேண்டும் (மரண, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கும் பொருந்தாது). அதற்கு நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. 'சிறைக்குறைப்பு' என்றால் கட்டடங்களைக் குறைப்பதாகத் தோன்றும். 'சிறைத்தணிப்பு' எப்படி? சட்டத் துறையில் இருப்பவர்கள் இதைப் பற்றிச் சொன்னால் நன்றாக இருக்கும்.