ஏற்காட்டுப் பாறைக் கிறுக்கல்கள்: பதிவு செய்யணுமா, அழிக்கணுமா?

அஸ்தம்பட்டியான்:
போன ஞாயிறு ஏற்காட்டில், கூட்டம் அதிகம் போகாத ஒரு முனையில் இருக்கும் பாறையை இரண்டு மணி நேரம் படம் எடுத்தேன். பாறை முழுக்கப் பெயர்கள், அம்பு விட்ட இதயங்கள், தேதிகள். ஒரு மூலையில் ‘நினைவாக 1991’ என்று ஆணியால் கீறியிருக்கிறது. அதில் ‘னை’ துதிக்கை வைத்த பழைய எழுத்து. அந்த வடிவத்தை மாற்றிய எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978-இல். எழுதியவர் அதற்கு முன்பே பள்ளிக்கூடம் போனவராக இருக்கணும். 13 வருஷம் கழித்தும் கை மாறவில்லை. பக்கத்துப் புதுக் கீறல்கள் வெள்ளை வெளேரென்று இருக்க, இதில் மட்டும் கோடு கறுத்து, உள்ளே கற்பாசி படர்ந்திருக்கிறது. இதையெல்லாம் முறையாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி. மூன்று படம் கீழே.

சங்ககிரிக்காரன்:
எனக்கு வயிறுதான் எரிகிறது. எங்கள் ஊர் மலைக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. அப்படிப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் 1958-ஆம் ஆண்டு நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2010 திருத்தத்துக்குப் பிறகு 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். நீங்கள் இதற்கு ஆய்வு என்று பெயர் வைத்தால், நாளைக்குச் சாவியால் கீறுகிறவன் ‘நானும் வரலாறு படைக்கிறேன் சார்’ என்பான்.

அஸ்தம்பட்டியான்:
கீறச் சொல்லவில்லை அண்ணே, கீறியதைப் படிக்கச் சொல்கிறேன். இத்தாலியின் பொம்பெயி நகரில் கி.பி. 79-ஆம் ஆண்டு எரிமலைச் சாம்பல் மூடிய சுவர்களில் ஆயிரக்கணக்கான கிறுக்கல்கள் கிடைத்தன. இத்தனை பேர் கிறுக்கலைச் சுமந்தும் இடிந்து விழாமல் நிற்கிறாயே என்று சுவரையே ஒருவன் கேலி செய்து எழுதியிருக்கிறான். அவ்வளவு தூரம் ஏன், எகிப்தின் குசேர் அல்காதிமில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ் பிராமியில் ‘பானை ஒறி’ (உறியில் தொங்கவிடும் பானை) என்று கீறியிருக்கிறது. யாரோ ஒருத்தர் தன் பானையில் கீறியதுதான் இன்று நமக்கு ஆதாரம்.

சங்ககிரிக்காரன்:
அவரவர் பானை, அவரவர் ஊர்ச் சுவர். வேறு காலத்துக்காரன் கட்டியதில் போய் எழுதவில்லையே?

அஸ்தம்பட்டியான்:
எழுதினார்கள். இலங்கையில் சிகிரியா பாறைக்கோட்டையின் ‘கண்ணாடிச் சுவர்’ 5-ஆம் நூற்றாண்டு. 8-ஆம் நூற்றாண்டிலிருந்து 10 வரை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதன்மேல் பாட்டாக எழுதித் தள்ளினார்கள். தொல்லியல் அறிஞர் பரணவிதான 1956-இல் பதிப்பித்ததே 685 பாடல்கள். நம்ம ஊர் சுற்றுலாக்காரன் மாதிரியேதான், கொஞ்சம் இலக்கணம் தெரிந்தவர்கள், அவ்வளவுதான்.

சங்ககிரிக்காரன்:
அன்று நான் காவலுக்கு நின்றிருந்தால் அவர்களையும் விரட்டித்தான் இருப்பேன்.

மாங்காமண்டி:
அப்படியென்றால் என்னையும் விரட்டணும் அண்ணே. பிளஸ் டூ பரீட்சைக்கு முந்தின நாள், மலைமேல் ஒரு கோயில் சுவரில் குங்குமத்தைக் குழைத்து என் பதிவு எண்ணை எழுதினேன். சுற்றி நூறு எண்கள் இருந்தன. ஒருத்தன் கணக்குக்கு மட்டும் தனியாக ‘35 போதும் சாமி’ என்று எழுதியிருந்தான். பாஸ் ஆகி நன்றி சொல்லப் போனால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அதிலாவது ஒன்றும் கெடவில்லை. சுத்தம் பண்ணுகிறேன் என்று மணலைப் பீய்ச்சி அடித்துக் கல்வெட்டையே மழித்த கோயில்கள் எத்தனை! அழிக்கிறவருக்கு எது கிறுக்கல், எது கல்வெட்டு என்று தெரிய வேண்டாமா?

காபிப்பூ:
எஸ்டேட் பக்கம் இருக்கிறவள் சொல்கிறேன். நீங்கள் போட்ட இரண்டாவது படத்தில் ஒரு பெண்ணின் முழுப் பெயரும் ஊரும் தெளிவாகத் தெரிகிறது. அதை அவள் எழுதினாளா? எனக்கென்னவோ எவனோ எழுதிவிட்டுப் பஸ் ஏறியிருப்பான் என்றுதான் தோன்றுகிறது. அவளுக்கே தெரியாமல்கூட இருக்கலாம். இப்போது ஐம்பது வயதிருக்கும், வீட்டில் மருமகன் இருப்பார். பாறையில் இருந்தவரை பத்துப் பேர் பார்த்தார்கள், இப்போது ஊரே பார்க்கும். பொம்பெயிக்காரர்கள் யாரும் வந்து சண்டை போட மாட்டார்கள். இங்கே ஒரு பெயர் போதும், குடும்பம் இரண்டாக.

அஸ்தம்பட்டியான்:
நான் யோசிக்கவே இல்லை. அந்தப் படத்தை இங்கிருந்து நீக்கிவிட்டேன். பெயரை மறைத்தாலும் எழுத்து வடிவம், கீறிய கருவி, தரையிலிருந்து எவ்வளவு உயரம், எதன்மேல் எது ஏறியிருக்கிறது, இதெல்லாம் மிஞ்சும். எனக்கு அதுவே போதும். பாறை எந்த முனையில் இருக்கிறது என்பதையும் இனி சொல்ல மாட்டேன்.

சங்ககிரிக்காரன்:
அது சரி. ஆனால் பதிவு செய்து முடித்ததும் பாறையை என்ன செய்வீர்கள்? அப்படியே விட்டால் அடுத்தவனும் அங்கேதான் வந்து எழுதுவான். எழுத்து இருக்கிற இடத்தில்தான் எழுத்து சேரும்.

அஸ்தம்பட்டியான்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணே. 1991-ஐத் தேய்க்க மட்டும் மனசு வராது.

சங்ககிரிக்காரன்:
அடுத்த முறை போகும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன். அந்தத் துதிக்கை ‘னை’யைப் பார்க்கணும். எங்கப்பா கடைசிவரை அப்படித்தான் எழுதினார்.