இரவு கார் பயணம்: வொண்டர்லா கேட் திறக்கும்போது அங்கே இருக்க எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

கடைசிபெஞ்ச் (புதன், மாலை 6:42)
வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி சனிக்கிழமை வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறோம். குடும்பத்தோடு, சொந்தக் காரில். இரவு 10 மணிக்குக் கிளம்புவது நல்லதா, விடியற்காலை 3 மணிக்குக் கிளம்புவது நல்லதா? வீட்டில் ரெண்டு கட்சி ஆகிவிட்டது. ராத்திரியே கிளம்பினால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வந்துவிடும் என்கிறார் மாமனார். டிக்கெட் எடுத்தாச்சு, தேதி மாற்ற முடியாது. போய் வந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

செவ்வந்தி (புதன், மாலை 6:55)
எந்த வொண்டர்லா? கொச்சி, பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வர், இப்போது சென்னை பக்கம் நம்ம திருப்போரூர் என்று ஐந்து ஊரில் இருக்கிறதே. எந்த ஊரிலிருந்து கிளம்புகிறீர்கள்?

லாரிக்காரர்மகன் (புதன், மாலை 7:03)
ஊரைச் சொல்லுங்கள் அண்ணே. அப்புறம் எத்தனை பேர் ஓட்டுவீர்கள்? பிள்ளைகளுக்கு என்ன வயது? அன்றே திரும்பி வருகிறீர்களா, தங்குகிறீர்களா? இது தெரியாமல் நேரம் சொல்ல முடியாது.

நெடுஞ்சாலைப்பிரியன் (புதன், இரவு 7:20)
இந்தக் கேள்விக்கு இங்கே பல முறை பதில் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். இருந்தாலும் சொல்கிறேன்: நீண்ட பயணம் என்றால் இரவு 9 மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துவிட வேண்டும். வெயில் இல்லை, டூ வீலர் இல்லை, குறுக்கே வர ஆடு மாடு இல்லை. இன்ஜினும் குளிர்ச்சியாக ஓடும். ஓட்டத் தெரிந்தவனுக்கு ராத்திரிதான் ரோடு.

கடைசிபெஞ்ச் (புதன், இரவு 8:11)
மதுரையிலிருந்து பெங்களூரு வொண்டர்லா. நான் ஒருத்தன்தான் ஓட்டுவேன். மாமனாருக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் எதிர் வண்டி வெளிச்சம் அவருக்குக் கண் கூசும். பையனுக்கு 7, பாப்பாவுக்கு ரெண்டரை.

செவ்வந்தி (புதன், இரவு 8:19)
மதுரையிலிருந்து திருப்போரூரும் ஏறக்குறைய அதே தூரம்தானே, சென்னை போகும் ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டு வரை நேராகப் போய்த் திரும்பிவிடலாமே என்று கேட்க வந்தேன். டிக்கெட் எடுத்துவிட்டதால் விடுங்கள். பாப்பாவுக்கும் டிக்கெட் எடுத்தீர்களா? அங்கே வயதுக் கணக்கு இல்லை, உயரக் கணக்குதான். 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் இலவசம். ரெண்டரை வயதில் பெரும்பாலான பிள்ளைகள் அதைத் தாண்டிவிடும், அதனால் வீட்டிலேயே சுவரோரம் நிறுத்தி அளந்து கொள்ளுங்கள். தண்ணீர் விளையாட்டுக்குக் காட்டன் துணி போட்டு வந்தால் உள்ளே விட மாட்டார்கள், நைலான் துணி எடுத்துவையுங்கள்.

ஓசூர்வாசி (புதன், இரவு 8:40)
பெங்களூரு என்றால் ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பார்க் திறப்பதே காலை 11 மணிக்குத்தான். 10 மணிக்குக் கிளம்பினால் காலை ஆறு, ஆறரைக்கெல்லாம் அங்கே போய் நிற்பீர்கள். ராத்திரி முழுக்க ஓட்டிய உடம்போடு, ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாலரை மணி நேரம் எங்கே உட்காருவீர்கள்? பார்க்குக்குப் பக்கத்து ஊரான பிடதியில் தட்டு இட்லி சாப்பிடலாம். தட்டு அகலத்துக்கு ஒரே இட்லி, மேலே வெண்ணெய் உருகிக்கொண்டு வரும், ரொம்ப நன்றாக இருக்கும். ஆனால் அதற்கு அரை மணி நேரம் போதும்.

நெடுஞ்சாலைப்பிரியன் (புதன், இரவு 8:52)
அப்படியென்றால் 12 மணிக்குக் கிளம்பட்டும், கணக்கு சரியாகிவிடும். நான்கு வழிச் சாலை, நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை. இதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. ஒரு ஸ்ட்ராங் டீ போட்டால் தூக்கம் பறந்துவிடும்.

நைட்டூட்டிநர்ஸ் (புதன், இரவு 9:30)
டீ போட்டால் பறந்துவிடும் என்பதை நம்பி யாரும் வண்டி எடுக்க வேண்டாம். டீயில் இருக்கும் காஃபின் வேலை செய்யவே இருபது, முப்பது நிமிடம் ஆகும். அது தூக்கத்தைத் தள்ளிப்போடும், தூங்காத கடனை அடைக்காது. விடியற்காலை 2 மணியிலிருந்து 5, 6 மணி வரை உடம்பின் கடிகாரம் தாழ்ந்து கிடக்கும் நேரம். இரவுப் பணிக்குப் பழகிய எங்களுக்கே 4 மணிக்கு எழுத்து மங்கும்.

வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு எழுந்து வேலைக்குப் போய்விட்டு வருபவருக்கு இரவு 11 மணிக்கு 17 மணி நேரம் விழிப்பு ஆகிவிடுகிறது. அந்த நிலையில் கை, கண் வேகம் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருக்கு ஒப்பாகக் குறைகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவு 0.03. குடித்துவிட்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவீர்களா? மாட்டீர்கள். இதுவும் கிட்டத்தட்ட அதுதான்.

100 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகிறோம். மூன்று நொடி கண் சொக்கினால் 80 மீட்டருக்கு மேல் வண்டியை யாருமே ஓட்டவில்லை.

கடைசிபெஞ்ச் (புதன், இரவு 9:41)
சரி மேடம். அப்போ 3 மணிக்குக் கிளம்பட்டுமா?

நைட்டூட்டிநர்ஸ் (புதன், இரவு 9:50)
3 மணிக்குக் கிளம்ப 2 மணிக்கு எழுந்திருக்க வேண்டும். ஊருக்குப் போகிற வீட்டில் பையை அடுக்கி, பிள்ளைகளைப் படுக்கவைத்து நீங்கள் படுக்க 11 ஆகிவிடும். மூன்று மணி நேரத் தூக்கத்தோடு, உடம்பு மிகவும் சோர்ந்திருக்கும் நேரத்தில்தான் ரோட்டில் இருப்பீர்கள். மாலை 7 மணிக்கே படுத்து நிஜமாகவே தூங்கிவிடுவீர்கள் என்றால் 3 மணி சரி. இல்லையென்றால் ரெண்டுமே வேண்டாம்.

ஊர்சுற்றி (வியாழன், காலை 7:15)
எத்தனை மணிக்குக் கிளம்பினாலும் எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் மாட்டுவீர்கள். ஓசூரிலேயே தளி பக்கம் திரும்பி, ஹாரோஹள்ளி வழியாகப் பிடதி போய்விடுங்கள். பெங்களூரு பக்கமே தலை வைக்க வேண்டாம். ரோடு காலியாக இருக்கும்.

ஓசூர்வாசி (வியாழன், காலை 7:32)
தயவுசெய்து அந்த வழியை இருட்டில் சொல்லாதீர்கள். தளி, ஜவளகிரி எல்லாம் யானை நடக்கும் இடம். ராகி விளையும் காலத்தில் பன்னேருகட்டா பக்கமிருந்து கூட்டமாக வருகின்றன. இருட்டிலும் விடியற்காலையிலும்தான் ரோட்டைக் கடக்கும். வளைவில் திரும்பும்போது முன்னால் நின்றால் ரிவர்ஸ் எடுக்கக்கூட இடம் இருக்காது.

ஊர்சுற்றி (வியாழன், காலை 7:40)
நான் அந்தப் பக்கம் எப்போதும் போய் வருகிறேன். ஒரு யானையையும் பார்த்ததில்லை.

ஓசூர்வாசி (வியாழன், காலை 7:58)
நீங்கள் பகலில் போயிருப்பீர்கள். எங்கள் ஊரில் மாலை ஆனால் வயலுக்குப் போகவே ஆட்கள் யோசிக்கிறார்கள். வழி தெரியாத மதுரைக் குடும்பத்தை அங்கே அனுப்புவது நியாயம் இல்லை. பகலிலும் அந்த ரோட்டில் பெரிதாக நேரம் மிச்சமாகாது, ஊருக்கு ஊர் வேகத்தடை.

நெடுஞ்சாலைப்பிரியன் (வியாழன், காலை 8:10)
நைஸ் ரோடு என்று பெங்களூருவைச் சுற்றிப் போகும் சுங்கச் சாலை ஒன்று இருப்பது இருவருக்குமே தெரியாது போலிருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டியில் மேம்பாலத்தில் ஏறாமல் நைஸ் ரோட்டைப் பிடித்தால் நேராக மைசூரு ரோடு. இதெல்லாம் அடிப்படை.

ஊர்சுற்றி (வியாழன், காலை 8:14)
தெரியும் சார். அதில் வாங்கும் சுங்கம் அதிகம் என்பதால்தான் வேறு வழி சொன்னேன்.

ஓசூர்வாசி (வியாழன், காலை 8:25)
நைஸ் ரோடுதான் சரி. அதற்குத் தனிச் சுங்கம், கையில் கொஞ்சம் பணமும் இருக்கட்டும். நெரிசல் அதற்கு முன்னால்தான்: அத்திப்பள்ளி, அப்புறம் சந்தாபுரா சிக்னல். சனிக்கிழமை காலையில் பெங்களூருக்காரர்கள் ஊரைவிட்டு வெளியே வருவதால் எதிர்த் தடம்தான் நிரம்பியிருக்கும். ஆனாலும் ஓசூர்த் தொழிற்சாலைப் பேருந்துகள் ஓடும், அரை மணி நேரம் கூடுதலாக வையுங்கள். மைசூரு ரோட்டில் இறங்கியதும் விரைவுச் சாலையின் பிரதான தடத்தில் ஏறிவிடாதீர்கள், பார்க்கைத் தாண்டிப் போய்விடுவீர்கள். சர்வீஸ் சாலையிலேயே போங்கள். பார்க் பிடதி ஊருக்குள் இல்லை, அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும்.

லாரிக்காரர்மகன் (வியாழன், காலை 9:05)
யானை, சுங்கம் எல்லாம் இருக்கட்டும். அண்ணன் கேட்டது கிளம்பும் நேரம்.

எங்கள் அப்பா லாரி ஓட்டியே எங்களைப் படிக்கவைத்தவர். அவர் சொல்லும் ஒரே விஷயம்: ராத்திரி ரோட்டில் பயப்பட வேண்டியது ஓடுகிற லாரிக்கு இல்லை, நிற்கிற லாரிக்கு. பஞ்சர் ஆனதும், டிரைவர் தூங்குவதற்கு ஓரம் கட்டியதும் பின்விளக்கு இல்லாமல் இடது பக்கம் நிற்கும். பின்னால் மரக்கிளைதான் அடையாளத்துக்குக் கிடக்கும். முழுக் கவனத்தோடு இருப்பவனுக்கே அது கிட்டே வந்த பிறகுதான் தெரியும். முன்பு சில மாவட்டங்களில் போலீஸ்காரர்களே விடியற்காலையில் லாரிகளை நிறுத்தி, டிரைவரை முகம் கழுவவைத்து அனுப்புவார்கள். தொழில் டிரைவருக்கே அந்த நிலை.

அதனால் என் யோசனை வேறு. மதுரையிலிருந்து சேலம் சுமார் 235 கி.மீ. வெள்ளிக்கிழமை மாலை 6:30க்குக் கிளம்புங்கள். திண்டுக்கல், கரூர் தாண்டி, காவிரிப் பாலம் கடந்தால் பரமத்திவேலூர். அங்கே 9 மணிவாக்கில் சாப்பாடு. 11 மணிக்குள் சேலம். பைபாஸ் ஓரமாக ஒரு அறை எடுத்துப் படுத்துவிடுங்கள். காலை 6 மணிக்கு எழுந்து கிளம்பினால் தொப்பூர் மலைப்பாதையை வெளிச்சத்தில் ஏறலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர். 10, பத்தரைக்கு பார்க். கேட் திறப்பதற்கு முன்னால் பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்வரவும் நேரம் இருக்கும்.

நைட்டூட்டிநர்ஸ் (வியாழன், காலை 9:20)
இதுதான். ஆறு மணி நேரமாவது படுக்கையில் நீட்டிப் படுக்க முடிகிறது. பிள்ளைகள் காரில் தூங்கும் தூக்கமும் வீட்டுத் தூக்கம் இல்லை, ஒவ்வொரு டோல்கேட்டிலும் விழிக்கும். அரைத்தூக்கத்தில் வந்த குழந்தை மத்தியானம் ஒரு மணிக்கு ராட்டினத்துக்கு முன்னால் அழுதுகொண்டு நிற்கும்.

கடைசிபெஞ்ச் (வியாழன், மதியம் 1:30)
வெள்ளிக்கிழமை 6 மணிக்கு ஆபீஸிலிருந்து வந்துவிடுவேன், முடியும். மாமனார்தான் ஒரு ராத்திரிக்காக அறை வாடகை வீண் என்கிறார்.

செவ்வந்தி (வியாழன், மதியம் 1:44)
ஐந்து பேருக்கு எடுத்த டிக்கெட்டைக் கணக்குப் பாருங்கள் தம்பி. ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு நீங்கள் மர நிழலில் படுத்துத் தூங்கினால் உங்கள் டிக்கெட்தான் வீண். பையன் அப்பாவோடு ராட்டினம் ஏறத்தானே வருகிறான்? மாமனாரிடம் அதைச் சொல்லுங்கள், கேட்பார்.

நெடுஞ்சாலைப்பிரியன் (வியாழன், மதியம் 2:02)
எனக்கு இது தேவையில்லாத செலவாகத்தான் தெரிகிறது. பழகியவர்கள் ஒரே மூச்சில் போகலாம். இங்கே எல்லோரும் பயமுறுத்தியே பழகிவிட்டீர்கள்.

லாரிக்காரர்மகன் (வியாழன், மதியம் 2:15)
பழகியவர் போகலாம் சார், பழகியவருக்குப் பக்கத்தில் மாற்று டிரைவரும் இருப்பார். இவர் ஒற்றை ஆள். கார் நிறைய குடும்பம்.

அண்ணே, இன்னும் ரெண்டு. கிளம்பும் முன் டயர் குளிர்ச்சியாக இருக்கும்போதே காற்று பாருங்கள், முழு ஆளும் பையும் ஏறும் வண்டிக்கு எவ்வளவு என்று டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும். பின் சீட்டிலும் எல்லோரும் பெல்ட் போட வேண்டும், பாப்பாவுக்குக் குழந்தை சீட். மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு இல்லை. திரும்பி வரும் திட்டத்தை நீங்கள் இன்னும் சொல்லவே இல்லை.

செவ்வந்தி (வெள்ளி, மாலை 5:10)
கிளம்பியாச்சா தம்பி? பாஸ்டேகில் பணம் இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்சுற்றி (வெள்ளி, இரவு 8:30)
பதிலையே காணோம். கிளம்பியிருப்பார்.

கடைசிபெஞ்ச் (சனி, இரவு 9:48)
சேலத்தில் தங்கினோம். காலை 6:15க்கு எடுத்து 10:25க்கு பார்க்கிங். சந்தாபுராவில் மட்டும் இருபது நிமிடம் நின்றோம். பாப்பா 87 செ.மீ., டிக்கெட் வேண்டியதாகத்தான் இருந்தது. இப்போது சித்தி வீட்டில் இருக்கிறோம். நாளைக்குத்தான் ஊர் திரும்புகிறோம். எல்லோருக்கும் நன்றி.

லாரிக்காரர்மகன் (சனி, இரவு 10:05)
ரொம்ப சந்தோஷம் அண்ணே. நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கிளம்பப் பாருங்கள். போகும்போது தொப்பூர் ஏற்றம், வரும்போது இறக்கம், விபத்து நடப்பதெல்லாம் இந்த இறக்கத்தில்தான். வெளிச்சம் இருக்கும்போதே தாண்டிவிடுங்கள். சாலை வேலை நடக்கிறது, தடம் மாறி மாறி வரும். மேலேயே மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள், தேவைப்பட்டால் இரண்டு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடாகிப் பிடிக்காமல் போகும். கனரக லாரிக்கு நேர் முன்னால் மட்டும் போகாதீர்கள், அவன் பிரேக் போனால் உங்கள் மேல்தான் வருவான். ஓரமாக வழிவிட்டு, அவன் போன பிறகு இறங்குங்கள்.