புதுப்பிப்பு: பயணத்துக்கு மடிக்கணினி வாங்கிவிட்டேன்

மாதத்தில் பாதி நாள் ரயிலில் போகிறவன், 20,000 ரூபாய்க்குள் எடை குறைந்த மடிக்கணினி எது வாங்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். புதிதாகக் குரோம்புக் (கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் மடிக்கணினி), பழையதில் லெனோவோவின் திங்க்பேட் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சொன்னீர்கள். பழையதன் பக்கம் சாய்ந்து, 2017இல் வந்த திங்க்பேட் எக்ஸ்270 ஒன்றை 15,000 ரூபாய்க்கு எடுத்தேன்.

12.5 அங்குலத் திரை. பெர்த்தில் சம்மணமிட்டு மடியில் வைக்க அளவாக இருக்கிறது. போன் சார்ஜர் மாதிரியே டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும், ஆனால் போனின் குட்டி சார்ஜர் போதாது. 65 வாட் ஒன்று தனியாக வாங்கினேன்.

பேட்டரியில்தான் கொஞ்சம் அடி. இதில் உள்ளே ஒன்று, வெளியே கழற்றி மாட்டுகிற மாதிரி ஒன்று என இரண்டு. கடைக்காரர் "ரெண்டும் நல்ல கண்டிஷன் சார்" என்றார். வீட்டில் பேட்டரி அறிக்கை எடுத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பாதிக் கொள்ளளவுக்கு இறங்கியிருந்தது. பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும், என் தப்பு. வெளிப் பேட்டரி பரவாயில்லை. கணினியை அணைக்காமலே அதை மாற்றலாம் என்பதால் உபரியாக ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது, இந்தப் பிராசஸர் விண்டோஸ் 11 ஆதரிக்கும் பட்டியலில் இல்லை. அதனால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டேன். தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சும் சரியாக வருகிறது.

அப்புறம், டேப்லெட் போதும் என்றவர்களுக்கு: மனைவியின் டேப்லெட்டில் ஒரு பயணம் முழுக்க எக்செல் தட்டிப் பார்த்தேன். வேண்டாம் சாமி.