புதிதாக நட்ட நிழல் செடிகள் வாடுகின்றன: தண்ணீர் போதவில்லையா, மிஞ்சிவிட்டதா?

கேள்வி: திருமங்கலம் வாசகி

வணக்கம். எங்கள் வீட்டின் வடபுறத்தில், வேப்பமர நிழலில், பீஸ் லில்லி, கலாத்தியா, பாஸ்டன் பெரணி ஆகியவற்றை ஆடி பிறந்ததும் நட்டோம். நர்சரிப் பைகளில் செழித்து நின்ற செடிகள், தரையில் இறங்கியதிலிருந்து முற்பகலிலேயே இலைகளைத் தொங்கப் போட்டுவிடுகின்றன. கலாத்தியாவின் இலைகள் சுருள்கின்றன. பெரணியின் நுனிகள் கருகுகின்றன. மண் கரிசல். காலையும் மாலையும் போர்த் தண்ணீர் ஊற்றுவதால் மேல்மண் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. இன்னும் கூடுதலாக ஊற்ற வேண்டுமா? யூரியா கொடுத்தால் தேறுமா? அல்லது பெயர்த்துத் தொட்டிக்கே மாற்றிவிடலாமா?

பதில்: மேலூர்த் தோட்டக்காரர்

வணக்கம் அம்மா. பெயர்க்க வேண்டாம், யூரியாவும் வேண்டாம். அடிபட்ட வேர்கள் புதிய நுனி விடுவதற்கு முன் உரம் போட்டால், மண்நீரில் உப்பு கூடி, வேர் நீரை உறிஞ்சுவது மேலும் கடினமாகும்.

முதலில் செடி எந்த நேரத்தில் வாடியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நண்பகலில் தொங்கி, வெயில் தணிந்தபின் நிமிர்ந்துவிட்டால், இலை வழியே வெளியேறும் நீரை வேரால் அப்போதைக்கு ஈடுசெய்ய முடியவில்லை என்பதுதான் பொருள். வேர் ஓடியதும் அது தானே சரியாகும். விடியற்காலையிலும் தொங்கியே நின்றால் வேரில் கோளாறு இருக்கிறது. அப்போது தண்டின் அருகே விரலை ஆழமாக விட்டுப் பாருங்கள்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், எனக்கு முதல் ஐயம் வேர்க்கட்டியின் மீதுதான், அதாவது வேர்களோடு சேர்ந்து பையிலிருந்து வரும் கட்டியின் மீது. நர்சரிச் செடிகள் பெரும்பாலும் தேங்காய் நார்க்கழிவில் வளர்க்கப்படுகின்றன. அந்தத் தளர்வான நார்க்கட்டியைக் கரிசலுக்குள் வைக்கும்போது, நுண்ணிய துகள்களைக் கொண்ட கரிசல் அதிலுள்ள ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. நன்றாகக் காய்ந்துபோன வேர்க்கட்டியோ பிறகு ஊற்றும் தண்ணீரை எளிதில் ஏற்பதில்லை. ஆகவே சுற்றுமண் சேறாக இருக்கும்போதே வேர்க்கட்டி மட்டும் உலர்ந்து கிடக்கக்கூடும். அப்படியிருந்தால், பாத்தி முழுவதும் ஊற்றுவதை விட்டுவிட்டு, பூவாளியால் தண்டையொட்டி மிக மெதுவாக, இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை ஊற்றுங்கள். மாறாக உள்ளே சொதசொதவென்று இருந்து, நாற்றமும் அடித்தால், வேர் அழுகத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அப்போது தண்ணீரை உடனே நிறுத்திப் பாத்தியின் ஓரத்தில் வடிகால் வெட்டுவதே அவசரமான வேலை. வேரழுகலைக் கட்டுப்படுத்தும் நன்மை செய்யும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியைத் தொழுவுரத்தில் கலந்து இடுவது அதன் பிறகுதான். கரிசலில் இந்த இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும் என்பதால், கை விட்டுப் பாராமல் ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள்.

இதோடு ஆடிக் காற்றும் சேர்ந்திருக்கிறது. நிழலில் இருந்தாலும் வறண்ட மேல்காற்று இலையை உலர்த்திவிடும். மேற்குப் பக்கம் ஒரு நிழல்வலையைத் திரைபோல் கட்டுங்கள். காய்ந்த இலைகளைத் தண்டில் படாமல் இரண்டங்குல மூடாக்காகப் பரப்புங்கள். பீஸ் லில்லியில் பூ இருந்தால் கிள்ளிவிடலாம். பாதி பச்சையாக உள்ள இலைகளை மட்டும் வெட்டாதீர்கள், அவைதான் இப்போது வேருக்கு உணவு தருகின்றன.

பதில்: ஒத்தக்கடை ஆசிரியை

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் நுனி கருகுவதற்குத் தண்ணீரின் உப்பும் காரணமாக இருக்கலாம் என்பதை விட்டுவிடக் கூடாது. மதுரையைச் சுற்றிப் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கிறது. கலாத்தியாவும் பெரணியும் அதைத் தாங்குவதில்லை. காவிரி நீரோ, சேமித்த மழைநீரோ கிடைத்தால் இவற்றுக்கு மட்டுமாவது அதை ஊற்றுங்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் சோதித்துத் தருவார்கள்.

வேப்பமரத்தடி என்கிறீர்களே, அதுவும் எனக்குக் கவலையளிக்கிறது. மரத்தின் மேல்வேர்கள் நாம் ஊற்றும் நீரில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். இனி நடும்போது, நிழல் எட்டும் அளவுக்கு அடிமரத்தைவிட்டு விலகி நடுவது நல்லது.

திருமங்கலம் வாசகி

இருவருக்கும் நன்றி. இன்று விடியற்காலையில் பார்த்தேன். பீஸ் லில்லி நிமிர்ந்திருக்கிறது, அதன் அடியும் ஈரமாக உள்ளது. கலாத்தியாவின் வேர்க்கட்டியோ, சுற்றிலும் சேறாக இருந்தும், பொடியாக உதிரும் அளவுக்குக் காய்ந்திருந்தது. அழுகிய நாற்றம் எங்கும் இல்லை. இனி எவ்வளவு இடைவெளியில் ஊற்றுவது?

மேலூர்த் தோட்டக்காரர்

நாள் கணக்கு வைக்காதீர்கள் அம்மா. கலாத்தியாவுக்குக் கட்டி ஊறும்வரை அடியில் மட்டும் ஊற்றி, அதன்பின் விரல் நுனியில் ஈரம் குறைந்ததும் அடுத்த முறை ஊற்றுங்கள். பீஸ் லில்லிக்கு மாலைத் தண்ணீரை இன்றே நிறுத்திவிடலாம். புதிய இலைக்குருத்து விரிந்தபின் ஒரு கைப்பிடி மண்புழு உரம் இட்டால் போதும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் பாத்தியைத் தரைமட்டத்திலிருந்து சற்று உயர்த்திக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் இதே கரிசலில் தண்ணீர் தேங்கி வேரை அழுகச் செய்துவிடும்.