குழாயில் படிந்த உப்புக்கறை: வினிகரும் ஆப்ப சோடாவும் கலந்தும் போகவில்லை

கேள்வி:
வணக்கம். எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். குளியலறைக் குழாய்களிலும் வாளிகளின் உட்புறத்திலும் உப்பு படிந்து, நகத்தால் சுரண்டினாலும் வராத அளவுக்கு இறுகிவிட்டது. கடையில் விற்கும் ஆசிட்டின் நெடி மாமியாருக்கு ஒத்துக்கொள்ளாததால், வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலந்து தேய்த்துப் பார்த்தேன். பொங்கி வழிந்ததே தவிர, கறை அப்படியே இருக்கிறது. அளவில் பிழையா? சமையலறையின் கடப்பாக் கல் மேடைக்கும் இதைப் பயன்படுத்தலாமா?

பதில் 1:
அளவில் பிழையில்லை சகோதரி, கலந்ததுதான் பிழை. வினிகர் அமிலம், ஆப்ப சோடா காரம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கரியமில வாயு நுரையாக வெளியேற, மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர்தான். குழாயில் படிந்திருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பதால், அதைக் கரைக்க அமிலம் மட்டுமே போதும். பழைய வேட்டித் துணியை வினிகரில் நனைத்துக் குழாயைச் சுற்றி, காய்ந்துவிடாதபடி மேலே ஒரு பாலித்தீன் பையைக் கட்டி, அரை மணி நேரம் கழித்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். இரவு முழுவதும் விட்டால் குழாயின் பளபளப்பு மங்கக்கூடும்.

கடப்பாக் கல்லில் மட்டும் வேண்டாம். அதுவும் சுண்ணாம்புக் கல் வகைதான். குழாயின் உப்பைக் கரைக்கிற அமிலம் மேடையையும் அரிக்கும். எங்கள் மேடையில், பிழிந்த எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்த இடத்தில், வெளிறிய வட்டமொன்று இன்றும் அழியாமல் இருக்கிறது. பளிங்குச் சில்லு பதித்த மொசைக் தரைக்கும் இதே கதிதான்.

பதில் 2:
மேடையின் எண்ணெய்ப் பிசுக்குக்குப் பூந்திக்கொட்டையே போதும். பத்துப் பன்னிரண்டு கொட்டைகளின் விதையை நீக்கி, தோலை அரை லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டினால் நுரைக்கும் பழுப்பு நீர் கிடைக்கும். அதிலுள்ள சப்போனின்தான் சோப்பின் வேலையைச் செய்கிறது. சில நாட்களிலேயே புளித்துவிடும் என்பதால் கொஞ்சமாகவே செய்யுங்கள்.

வெல்லம் 1 பங்கு, பழத்தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு என்று மூன்று மாதம் புளிக்கவைக்கும் நொதிக் கரைசலும் தரை துடைக்க உதவும். ஆனால் அதுவும் அமிலமே, கடப்பாக் கல்லுக்கு ஆகாது. பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். ஊருக்குப் போயிருந்த நான்கு நாட்களில் எங்கள் டப்பாவின் மூடி தெறித்து, சாத்துக்குடித் தோல் சமையலறைச் சுவரெங்கும் ஒட்டிக்கிடந்தது.

பதில் 3:
ஒன்றை யாரும் சொல்லவில்லை. வினிகரோ எலுமிச்சையோ ஆசிட்டோ, எதையும் பிளீச்சிங் பவுடருடன் சேர்க்கக் கூடாது. மூச்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும். முதல் நாள் பிளீச்சிங் பவுடர் தூவிய தரையாக இருந்தால், நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகே வினிகரைத் தொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. துணி சுற்றிய குழாய் ஒரே முறையில் வெளுத்துவிட்டது. வாளியின் அடிப்பகுதியில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருப்பதால், இரண்டாம் முறையாக வினிகரில் ஊறவைத்திருக்கிறேன்.