மறு: விமானத்துக்குள் பூச்சிகொல்லி அடிப்பதற்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம். விமானத்துக்குள் பூச்சிகொல்லி அடிப்பதற்கு (ஆங்கிலத்தில் disinsection) தமிழில் என்ன சொல்லலாம் என்று குழுவில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> கிருமிநீக்கம் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இதற்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. கொரோனாவுக்குப் பிறகு கிருமிநீக்கம் என்றாலே கைப்பிடி துடைப்பதும் சானிடைசரும்தான் நினைவுக்கு வருகின்றன. இங்கே நடப்பது வேறு. மலேரியா, டெங்கு பரப்பும் கொசுக்களும் பயிரைத் தின்னும் பூச்சிகளும் விமானமேறி வந்துவிடக் கூடாது என்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் கேட்பதால் பெர்மெத்ரின், டி-பீனோத்ரின் போன்ற பூச்சிகொல்லிகளை உள்ளே அடிக்கிறார்கள், சில நேரம் பயணிகள் உட்கார்ந்திருக்கும்போதே. பணியாளர் குப்பியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அழுத்திக்கொண்டே நடைவழியில் வருவார், புகை மாதிரி இறங்கும். இதைக் கிருமிநீக்கம் என்று அறிவித்தால் ஆஸ்துமா உள்ளவருக்கு இன்ஹேலரை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளத் தோன்றுமா?

'மருந்தடித்தல்' என்ற யோசனையும் வேண்டாம் என்பதற்கு இதே காரணம்தான், ஆபத்தை அது மறைத்துவிடுகிறது. வயலில் அடிக்கும் விஷத்தை மருந்து என்று சொல்லிச் சொல்லியே முகமூடி இல்லாமல் கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டப் பழகிவிட்டோம். அதை விமானத்துக்கும் கொண்டுபோக வேண்டாம்.

அப்புறம் 'நஞ்சூட்டல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கோபம் புரிகிறது, ஆனால் தீர்ப்பைச் சொல்லுக்குள் வைக்கக் கூடாது. முறைப்படி தெளித்தால் தீங்குக்குச் சான்றில்லை, சிலருக்குத் தற்காலிக உபாதை வரலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. மறுபக்கம், அமெரிக்கா 1979லேயே பயணிகள் இருக்கும் விமானத்தில் தெளிப்பதை நிறுத்திவிட்டது. தெளிக்கப்பட்ட விமானங்களில் வேலைசெய்த பணியாளர்களின் சிறுநீரில் பைரித்ராய்டு (பெர்மெத்ரின் சேர்ந்த பூச்சிகொல்லி வகை) உடலில் சிதைந்து உண்டாகும் பொருள்கள் கூடுதலாக இருந்ததை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. கண்ணெரிச்சல், இருமல், தோல் அரிப்பு என்று பணியாளர்கள் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனாலும் சொல் நடப்பதை மட்டும் சொன்னால் போதும்: பூச்சிகொல்லித் தெளிப்பு. சட்டவிதிகளில் வரும் பொதுப்பெயருக்குப் 'பூச்சியகற்றல்' இருக்கட்டும், ஏனென்றால் ரசாயனம் இல்லாத வழிகளும் அதில் அடங்க வேண்டும்.

முறைகளுக்கும் பெயர் வேண்டும். பயணிகள் வருவதற்கு முன்பே அடிப்பது ஏறுமுன் தெளிப்பு. கதவை மூடியபின், கிளம்புவதற்கு முன் அடிப்பது புறப்பாட்டுத் தெளிப்பு. தரையிறங்கத் தொடங்கும்போது அடிப்பது இறங்குமுன் தெளிப்பு. இந்த மூன்றிலும் பெரிய சிக்கல் இல்லை, எப்போது என்று கேட்டவுடன் விளங்கிவிடும்.

நான்காவதுதான் முக்கியம். விமானம் காலியாக நிற்கும்போது சுவர், இருக்கை, தரைவிரிப்பு என்று எல்லாப் பரப்பிலும் பெர்மெத்ரினை அடித்துக் காயவிடுவார்கள். எட்டு வாரம் வரை அது அங்கேயே இருந்து வேலைசெய்யும், பிறகு மறுபடி அடிப்பார்கள். புகையும் இல்லை, அறிவிப்பும் இல்லை. தரைவிரிப்பில் தவழும் குழந்தையின் கையிலும், மாதக்கணக்கில் அதே விமானத்தில் பறக்கும் பணியாளரின் உடம்பிலும் என்ன ஒட்டுகிறது என்று கேட்கவாவது அதற்கு ஒரு பெயர் வேண்டும். 'எச்சத் தெளிப்பு' என்றால் மிச்சமானதைத் தெளிப்பது போலவும், இன்னும் மோசமாகப் பறவை எச்சம் போலவும் படுகிறது. 'தங்குதெளிப்பு' என்று முன்வைக்கிறேன். வினைத்தொகையாக நிற்கிறது, தங்கிவிடும் என்ற செய்தியும் அதிலேயே இருக்கிறது.

பொதுச் சுகாதாரத் துறையில் வேலைசெய்பவர்கள் யாராவது குழுவில் இருந்தால், மலேரியாவுக்கு வீட்டுச் சுவரில் இதேபோல் தங்கும்படி பூச்சிகொல்லி அடிக்கும்போது களத்தில் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். அங்கே நல்ல சொல் ஏற்கெனவே இருந்தால் தங்குதெளிப்பை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.