வலிப்படக்கி மருந்துகளும் இதய மின்கடத்தலும்: ‘ஹார்ட் பிளாக்’ என்பதற்கு உரிய சொல் எது?

கலைச்சொல் குழு அன்பர்களுக்கு வணக்கம்.

வலிப்பு நோய்க்கான மாத்திரைகள் இதயத்தின் மின்செயல்பாட்டில் ஏற்படுத்தக்கூடிய மாற்றங்களைப் பற்றி, சேலத்திலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் உள்ள நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்வோரும் படித்து விளங்கிக்கொள்ளும்படி ஒரு தமிழ்த் துண்டறிக்கையை எழுதிவருகிறேன். அதில் தவிர்க்க முடியாமல் வரும் ‘ஏவி பிளாக்’ (இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு செல்வது மெதுவாவது அல்லது நின்றுபோவது; ‘ஹார்ட் பிளாக்’ என்பதும் இதுவே) என்ற தொடருக்கு இக்குழுவில் ‘இதய அடைப்பு’, ‘கணுத்தடை’, ‘கடத்தல் தடை’ ஆகிய பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றையும் அப்படியே ஏற்கத் தயங்குகிறேன். காரணத்தைச் சொல்லுமுன், இம்மருந்துகள் இதயத்தில் என்ன செய்கின்றன என்பதைச் சற்று விரித்துரைப்பது நலம். பொருள் தெளிந்தால்தான் சொல் தெளியும்.

வலிப்பு வரும்போது மூளையின் நரம்பணுக்கள் கூட்டமாகவும் அடுத்தடுத்தும் மின்துடிப்புகளை வெளியிடுகின்றன. ஃபெனிடோயின், கார்பமசெபின், லாமோட்ரிஜின், லாகோசமைடு முதலிய மருந்துகள், நரம்பணுவின் சவ்வில் சோடியத்தை உள்ளே விடும் நுண்வழிகளான சோடியம் வாய்க்கால்கள் ஓயாமல் திறப்பதைக் கட்டுப்படுத்தி அந்தக் கொந்தளிப்பைத் தணிக்கின்றன. ஆனால் சோடியம் வாய்க்கால் மூளைக்கு மட்டும் உரியதன்று. இதயத்தசை அணுவின் மின்துடிப்பும் அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு வகைச் சோடியம் வாய்க்கால் வழியாகவே தொடங்குகிறது. ஆகவே மூளைக்கென்று கொடுத்த மருந்து இதயத்தையும் எட்டுவதில் வியப்பில்லை. 1938இல் அமெரிக்க மருத்துவர்களான மெரிட்டும் புட்னமும் வலிப்புக்கு ஏற்றதென்று காட்டிய ஃபெனிடோயின், பிற்காலத்தில் டிஜாக்சின் என்ற இதய மருந்தின் நச்சால் நேரும் துடிப்புக் கோளாறுகளுக்கும் மருந்தாயிற்று. இதய மருந்துகளை வகைப்படுத்துவோர் அதை லிடோகெயினோடு சேர்த்து ஒரே பிரிவில் வைத்தனர். லாமோட்ரிஜினுக்கும் அப்பிரிவு மருந்துகளின் இயல்பு இருப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியதால், இதயத்தின் அமைப்பிலோ மின்கடத்தலிலோ முன்னரே கோளாறு உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கும்போது எச்சரிக்கை தேவை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 மார்ச்சில் அறிவித்தது.

லாகோசமைடில் விளைவு இன்னும் நேரடியானது. மருந்தின் அளவு கூடக்கூட, இதயத்தின் மின்பதிவான ஈசிஜியில் பி-ஆர் இடைவெளி, அதாவது மின்துடிப்பு மேலறையிலிருந்து கீழறையை எட்டும் நேரம், நீள்கிறது. வழக்கமான வேகத்தில் ஓடும் ஈசிஜித் தாளில் ஒரு சிறு கட்டம் 0.04 நொடி, நலமான ஒருவரின் பி-ஆர் இடைவெளி மூன்று கட்டங்களிலிருந்து ஐந்து கட்டங்கள் வரை, அதாவது 0.12 முதல் 0.20 நொடி வரை இருக்கும். கார்பமசெபினும் இதேபோல் கடத்தலை மெதுவாக்கக்கூடியது. வழக்கமான அளவில் உட்கொண்ட முதிய பெண்களிடம் இது கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போதும், இரத்த அழுத்தத்துக்காக மெட்டோபுரோலால், டில்டியாசெம் போன்றவற்றை ஏற்கெனவே உட்கொள்பவருக்கு இவற்றுள் ஒன்றைத் தொடங்கும்போதும் விளைவுகள் ஒன்றின்மேல் ஒன்று கூடும். ஃபெனிடோயினை நரம்பூசியாகச் செலுத்தும்போது பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதும், செலுத்தும்போது ஈசிஜியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் இக்காரணம் பற்றியே. இதயம் நலமாக உள்ள பெரும்பாலோருக்கு இவற்றால் தொல்லை நேர்வதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் துண்டறிக்கையே நோயாளியை அச்சுறுத்தி மாத்திரையை நிறுத்தச் செய்துவிடும்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘இதய அடைப்பு’ என்பதை நான் அறவே மறுக்கிறேன். சேலத்தில் ஒருவரிடம் ‘இதயத்தில் பிளாக் இருக்கிறது’ என்றால், அவர் உடனே ஆஞ்சியோவையும் ஸ்டென்ட்டையும்தான் நினைப்பார். ‘மாரடைப்பு’ என்ற சொல் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு புழங்குவதால், ‘அடைப்பு’ என்றாலே இரத்தக் குழாய் என்று பொருள் நிலைத்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இது நிகழ்ந்தது. நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு லாகோசமைடின் அளவைக் கூட்டிய பிறகு எடுத்த ஈசிஜியைப் பார்த்து ‘லேசான பிளாக்’ என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். குடும்பத்தார் அதைக் குழாய் அடைப்பு என்று கொண்டு, வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஞ்சியோவுக்குப் பணம் புரட்டத் தொடங்கினர். சில நாள்களில் வலிப்பு திரும்பியது. அவருடைய இரத்தக் குழாய்களில் அடைப்பென்று எவரும் சொல்லவே இல்லை. 1880களில் ஆமையின் இதயத்தை ஆராய்ந்த ஆங்கில உடலியலாளர் காஸ்கெல் ‘பிளாக்’ என்ற சொல்லை ஆண்டபோது அதற்கு இந்தப் போட்டிப் பொருள் இல்லை; நமக்கு உண்டு.

‘கணுத்தடை’ செறிவான சொல். பரிந்துரைத்த அன்பரின் சொல்லாக்கத் திறனைப் பாராட்டுகிறேன். ஆனால் அது இடத்தைத் தவறாகக் குறித்துவிடக்கூடும். பி-ஆர் இடைவெளி என்பது மேலறையில் மின்னலை பரவத் தொடங்குவதிலிருந்து, அது இரு அறைகளுக்கும் இடையிலுள்ள மேலறை-கீழறைக் கணுவைக் கடந்து, ஹிஸ் கற்றை, அதன் கிளைகள், பர்கின்ஜி இழைகள் ஆகிய மின்கடத்தும் இழைகள் வழியாகக் கீழறைத் தசையை எட்டும் வரையிலான முழு நேரம். கணுவின் அணுக்கள் பெரிதும் கால்சியம் வாய்க்கால்களைச் சார்ந்தவை. மேலறைத் தசையும் ஹிஸ் கற்றையும் பர்கின்ஜி இழைகளும்தான் சோடியத்தைச் சார்ந்தவை. சோடியம் வாய்க்காலைத் தடுக்கும் ஒரு மருந்தின் விளைவைக் கணுவின் பெயரால் அழைப்பது, குற்றம் செய்தவரை விட்டு அண்டை வீட்டாரைப் பிடிப்பதற்கு ஒப்பாகும்.

‘கடத்தல் தடை’ என்பதில் உள்ள இடர்ப்பாடு வேறு. நாளிதழ் படிக்கும் எவருக்கும் ‘கடத்தல்’ என்றால் ஆள் கடத்தலும் பொருள் கடத்தலும் முன்னே வந்து நிற்கும். ‘கடத்தல் தடைச் சட்டம்’ என்றே சிலர் படித்துவிடுவர். ஆனால் ‘மின்’ என்று முன்னொட்டுச் சேர்த்து ‘மின்கடத்தல்’ ஆக்கினால் அக்குழப்பம் நீங்குகிறது. பள்ளி இயற்பியலில் ‘மின்கடத்தி’யைப் படிக்காதவர் அரியர். இம்முதற்பகுதியில் நாம் உடன்பட்டுவிடலாம் என்று எண்ணுகிறேன்.

எஞ்சியது ‘பிளாக்’. ஆங்கிலத்தில் முதல்நிலை, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலை என்று மூன்றையும் ஒரே சொல்லால் அழைக்கின்றனர். முதல்நிலையில் ஒரு துடிப்புகூடத் தடைபடுவதில்லை. ஒவ்வொன்றும் கீழறைக்கு வந்து சேர்கிறது, நேரம்தான் கூடுகிறது. இரண்டாம்நிலையில் சில துடிப்புகள் வருவதில்லை. மூன்றாம்நிலையில் மேலறையின் துடிப்பு எதுவும் கீழறையை எட்டாது. கீழறை தன்போக்கில் மெதுவாகத் துடிக்கிறது. வலிப்பு மருந்துகளால் பெரும்பாலும் காணப்படுவது முதல்நிலைதான். தடையே இல்லாத ஒன்றைத் ‘தடை’ என்று நாமும் ஏன் அழைக்க வேண்டும்? எனவே முதல்நிலைக்கு ‘மின்கடத்தல் சுணக்கம்’, இரண்டாம்நிலைக்கு ‘இடைவிட்ட மின்கடத்தல் தடை’, மூன்றாம்நிலைக்கு ‘முழு மின்கடத்தல் தடை’ என்று முன்மொழிகிறேன்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மருந்து வகையின் பெயராக ‘வலிப்படக்கி’ போதும். அம்மருந்துகள் நோயை நீக்குவதில்லை, வலிப்பு வராமல் அடக்கிவைக்கின்றன என்பதால் மேலைநாட்டாரும் அண்மைக் காலத்தில் அதே பொருள்படப் பெயரை மாற்றிக்கொண்டுள்ளனர். நம் சொல் முன்பே சரியாக இருந்தது. ஈசிஜியில் கீழறைகளில் மின்துடிப்பு பரவுவதைக் காட்டும் கியூ-ஆர்-எஸ் அலை விரிவதை ‘அகற்சி’ என்றும், அப்பரவல் தொடங்கிக் கீழறைகள் மீண்டும் ஓய்வுநிலைக்கு வரும் வரையிலான கியூ-டி இடைவெளி கூடுவதை ‘நீட்சி’ என்றும், குறைவதைக் ‘குறுக்கம்’ என்றும் கொள்ளலாம். ருஃபினமைடு, செனோபமேட் ஆகிய வலிப்படக்கிகள் கியூ-டியைக் குறுக்குகின்றன. பரம்பரையாகவே அந்த இடைவெளி குறுகியுள்ள குடும்பத்தினருக்கு அவை ஆகா.

தங்கள் கருத்துகளை எதிர்நோக்குகிறேன்.

சேலம், அஸ்தம்பட்டியிலிருந்து,
மருந்தியல் துறையைச் சேர்ந்த ஓர் உறுப்பினர்


ஏற்காட்டிலிருந்து வந்த மறுமொழி:

மருந்தியல் தம்பிக்கு வணக்கம்.

‘அடைப்பு’ வேண்டாம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. முதல்நிலைக்குத் தனிச் சொல் வேண்டும் என்பதும் நல்ல முடிவு. ஆனால் ‘சுணக்கம்’ பொருந்தாது. ‘பணியில் சுணக்கம்’ என்று நாளிதழ் எழுதும் பொருளில் தாங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நம் பக்கத்தில் ஒரு தாய் ‘பிள்ளை இரண்டு நாளாய்ச் சுணங்கிக் கிடக்கிறது’ என்றால், பிள்ளை சோர்ந்து, வாடி, நோய்ப்பட்டிருக்கிறது என்று பொருள். பள்ளியில் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெள்ளக்கடையிலோ மஞ்சக்குட்டையிலோ இந்தத் துண்டறிக்கையை ஒருவர் உரக்கப் படித்தால், கேட்பவர் ‘இதயம் சுணங்கிவிட்டது’ என்றே பிறரிடம் சொல்வார். அது இதயத்தின் வலுக்குறைவாகக் கொள்ளப்படும். ஒரு குழப்பத்தை விலக்கப் போய் மற்றொன்றை விதைக்கலாமா?

‘தாழ்ப்பு’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். ‘காலந்தாழ்த்துதல்’ வழக்கில் உள்ளதுதான். ‘மின்கடத்தல் தாழ்ப்பு’ என்பது சுருக்கமாகவும் அமைகிறது.

இன்னொன்று. ‘மின்’ என்ற எழுத்துகளைக் கண்டதும் ‘தலைக்கு கரண்ட் வைப்பார்களாமே, அதுவா?’ என்று கேட்போர் இம்மலையில் இப்போதும் உண்டு. சொல்லை மாற்ற வேண்டும் என்று நான் கோரவில்லை. ஆயினும் இதயம் தானே உண்டாக்கிக்கொள்ளும் மின்துடிப்பு அது என்பதை அறிக்கையின் முதல் வரியிலேயே விளக்கிவிடுங்கள்.


சேலத்திலிருந்து மறுமொழி:

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

‘சுணக்கம்’ குறித்துத் தாங்கள் கூறியதை ஏற்று அச்சொல்லைக் கைவிடுகிறேன். இதயத்தின் வலுக்குறைவு வேறொரு நோயாகவே இருக்கையில், அதை நினைவூட்டும் சொல் இங்கே வரக்கூடாது. முதல் வரியையும் தாங்கள் கூறியவாறே அமைத்துவிட்டேன்.

‘தாழ்ப்பு’ பற்றி எனக்கு ஓர் ஐயம் உண்டு. எழுத்தில் அது நன்றாகவே இருக்கிறது. செவியில் விழும்போது ‘தாழ்ப்பாள்’ போல ஒலித்து, மீண்டும் மூடிய கதவையே காட்டுகிறது. அதனினும் பெரிய சிக்கல், இதே துண்டறிக்கையில் ‘இரத்த அழுத்தத் தாழ்வு’ என்ற தொடரும் வருகிறது. ஃபெனிடோயின் ஊசியை விரைந்து செலுத்தினால் அதுவும் நேரும் என்பதால் அதை விட முடியாது. ஒரே பக்கத்தில் தாழ்வும் தாழ்ப்பும் நின்றால் மருந்துக்கடைக்காரரே தடுமாறுவார்.

ஆகவே நேரே ‘தாமதம்’ என்றே வைத்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். வடசொல் என்று குழுவில் சிலர் மறுக்கக்கூடும். அவர்களுக்கு என் விடை இது: சேலம் சந்திப்பில் ஒலிபெருக்கி ‘தாமதமாக வந்து சேரும்’ என்று அறிவிக்கும்போது, வண்டி வரும், நேரம்தான் ஆகும் என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவரும் அறிந்துகொண்டு நடைமேடையிலேயே அமர்ந்திருக்கிறார், ‘ரத்து’ என்றால் எழுந்து போகிறார். முதல்நிலைக்கும் அடுத்த இரு நிலைகளுக்கும் உள்ள வேறுபாடு அதுவே. தனித்தமிழில் இதே தெளிவோடு ஒரு சொல் கிடைத்தால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வேன்; நோயாளியின் உயிரோடு தொடர்புள்ள இடத்தில் தெளிவுக்கே முதலிடம் தருவேன்.

எனவே அறிக்கையில் இப்பகுதி இவ்வாறு அமைகிறது: ‘இதயம் தானே உண்டாக்கிக்கொள்ளும் மெல்லிய மின்துடிப்பு மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்வதால்தான் இதயம் சீராகத் துடிக்கிறது. இந்த மாத்திரையால் அது சென்று சேர்வது சற்றுத் தாமதமாகலாம். இதற்கு மின்கடத்தல் தாமதம் என்று பெயர். இது இரத்தக் குழாய் அடைப்பு அன்று. தலைசுற்றல், மயக்கம், நாடி மிக மெதுவாதல் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்; திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பக்கூடும்.’ இரண்டாம், மூன்றாம் நிலைகள் உள்ளவர்களுக்கு லாகோசமைடு ஆகாது என்று ஐரோப்பிய மருந்துக் குறிப்புகள் விலக்கியிருப்பதால், அவ்விரண்டுக்கும் ‘தடை’ என்ற கடுமையான சொல்லே நிற்கட்டும்.

இதை எழுதும்போது இன்னொரு சொல்லின் தேவை தெரியவந்தது. முழு மின்கடத்தல் தடையால் மூளைக்கு இரத்தம் குறைந்து ஒருவர் மயங்கி விழும்போது, கைகால்கள் சில நொடிகள் உதறுவது உண்டு. அருகில் இருப்பவர் அதை வலிப்பென்றே எண்ணுவார். மருத்துவரிடமும் ‘மறுபடி வலிப்பு வந்தது’ என்றே சொல்வார். அதைக் கேட்டு மருந்தின் அளவைக் கூட்டினால், தடைக்குக் காரணமான மருந்தே மேலும் கூடிவிடும். முகம் வெளிறி விழுந்தாரா, நாடி எப்படி இருந்தது, எத்தனை நொடிகளில் தெளிந்தார், தெளிந்தபின் குழப்பமின்றிப் பேசினாரா என்று வீட்டார் கவனித்துச் சொல்வதே இரண்டையும் பிரித்தறிய உதவும். ஈசிஜி எடுக்க வேண்டும் என்ற எண்ணம் மருத்துவருக்கு வருவதும் அதனால்தான். இந்நிலைக்கு ‘மயக்க உதறல்’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். ‘வலிப்பு’ என்ற சொல் அதில் எவ்வகையிலும் வரக்கூடாது என்பதே என் ஒரே நிபந்தனை. ‘உதறல்’ என்றால் குளிர்க் காய்ச்சலில் வரும் நடுக்கத்தை மலையில் நினைப்பார்களா என்பதை ஆசிரியர் ஐயா தெரிவிக்க வேண்டுகிறேன்.